பயணச் செலவு: பில்லில் வராத கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பயணத்துக்கு எவ்வளவு ஆனது என்று யாராவது கேட்டால் டிக்கெட், பெட்ரோல், டோல் மூன்றையும் கூட்டிச் சொல்லிவிடுகிறோம். உண்மையான செலவு அதைவிடப் பெரியது. மிச்சத்தையும் யாரோ கொடுக்கத்தான் செய்கிறார்கள், பல நேரம் வண்டியே இல்லாதவர்கள். அது யார், எவ்வளவு என்பதைத் தமிழ்நாட்டுச் சாலைகளை வைத்துப் பார்க்கும் பக்கம் இது. வண்டிக் கணக்குகளில் வரும் விலை, மைலேஜ் எல்லாம் தோராயம். உங்கள் வண்டியின் எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பைக்கில் ஒரு கிலோமீட்டர் போக இரண்டு ரூபாய்தானே ஆகிறது?

பெட்ரோலுக்கு மட்டும் இரண்டு ரூபாய். லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 50 என்றால் அந்தக் கணக்கு சரி. ஆனால் வண்டி சும்மா வரவில்லையே. ஆன்-ரோடு விலை 1 லட்சம், ஏழு வருடத்தில் 70,000 கி.மீ. ஓட்டி 25,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் மட்டுமே கி.மீ.க்கு ஒரு ரூபாய்க்கு மேல். சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் சேர்த்து வருடம் 5,000 என்றால் இன்னொரு 50 காசு. ஆக மூன்றரை ரூபாய். லோன் வட்டி இதில் இல்லை.

கார் என்றால்?

8 லட்சத்துக்கு வாங்கி, பத்து வருடத்தில் ஒரு லட்சம் கி.மீ. ஓட்டி, 2 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் கி.மீ.க்கு 6 ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் பெட்ரோல் ஆறே முக்கால். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து இரண்டரை. மொத்தம் 15 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

தினமும் போக வர 20 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 500 கி.மீ. பைக்குக்கு 1,750 ரூபாய், காருக்கு 7,500 ரூபாய். சென்னை மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாத பாஸ் எடுத்தால் ஏ.சி. இல்லாத பஸ்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பஸ்ஸில் நேரம் கூடுதலாகப் போகும் என்பதும் உண்மை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அரை மணி நேரத்துக்கும் விலை உண்டு. பைக் வாங்குகிறவர்கள் கணக்குத் தெரியாமல் வாங்கவில்லை.

சரி, இது என் பணம். மற்றவர்கள் கொடுப்பது என்ன?

உங்கள் புகையை மூச்சில் இழுப்பவர், ஹாரனில் தூக்கம் கெடுபவர், உங்கள் வண்டியும் சேர்ந்த நெரிசலில் மாட்டிக்கொள்ளும் ஆம்புலன்ஸ், சாலையைக் கடக்கும்போது அடிபடுபவர், அவரைக் காப்பாற்றும் அரசு மருத்துவமனை. இவர்களில் யாரும் உங்களுக்கு பில் அனுப்புவதில்லை. ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு விலையில் சேராமல் அடுத்தவர் தலையில் விழுவதைப் புறச்செலவு என்கிறார்கள். ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920-லேயே இதை விரிவாக எழுதி, அந்த அளவுக்கு வரி போட்டுச் செய்தவரிடமே வசூலிக்கலாம் என்று சொன்னார்.

அதற்குத்தான் பெட்ரோலில் இவ்வளவு வரி கட்டுகிறோமே?

கட்டுகிறோம். மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் வாட் வரி இரண்டும் சேர்ந்து லிட்டர் விலையில் பெரிய பங்கு. ஆனால் அந்த வரி நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதை மட்டும்தான் பார்க்கிறது. காலை ஒன்பது மணிக்கு கிண்டியில் எரிக்கும் லிட்டருக்கும், இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத நான்கு வழிச்சாலையில் எரிக்கும் லிட்டருக்கும் ஒரே வரி. முதலாவது பின்னால் நிற்கும் நூறு பேரின் நேரத்தைத் தின்கிறது, இரண்டாவது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. டோலும் அப்படித்தான். அது சாலை போட்ட செலவை வசூலிக்கிறது, விபத்தையோ புகையையோ பார்ப்பதில்லை.

சாலையைக் கெடுப்பது யார்? கார்களா, லாரிகளா?

லாரிகள்தான், அதிலும் ஓவர்லோடு லாரிகள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) தாங்கும் எடை கூடக்கூட, சாலைக்கு ஏற்படும் சேதம் அந்த எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று தெரிந்தது. அதாவது 10 டன் ஆக்சில் ஒரு முறை போனால், 1 டன் ஆக்சில் பத்தாயிரம் முறை போன மாதிரி. 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினால் சேதம் இரண்டு மடங்காகிறது.

2018-இல் மத்திய அரசு அனுமதிக்கும் ஆக்சில் எடையை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. கேட்க 13 சதவீதம்தான். நான்காம் அடுக்கில் போட்டால் சாலைக்கு 60 சதவீதம் கூடுதல் தேய்மானம். ஒரு நடைக்குக் கூடுதலாகச் சரக்கு போவதில் கிடைக்கும் லாபம் லாரிக்காரருக்கும் சரக்கு அனுப்புகிறவருக்கும் போகிறது. குழியில் பைக்கோடு விழுகிறவர் வேறு ஆள். லாரிக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. டீசல் ஏறும் வேகத்தில் வாடகை ஏறுவதில்லை. ஓவர்லோடு போட்டால்தான் இ.எம்.ஐ. கட்ட முடியும் என்ற நிலையில் பலர் ஓட்டுகிறார்கள்.

தமிழ்நாட்டில் விபத்து உண்மையிலேயே அவ்வளவு அதிகமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி இந்தியாவிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுவதும் அந்த ஆண்டு 1,68,491 பேர் இறந்தார்கள். நாளுக்கு 460 பேர்.

2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290 பேருக்கு மேல் இறந்தார்கள். நாடே உறைந்து நின்றது, நிற்கத்தான் வேண்டும். அதைவிடக் கூடுதலான உயிர்கள் சாலைகளில் தினமும் போகின்றன. ஒவ்வொன்றும் மாவட்டப் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தியாக வருவதால் மொத்தம் கண்ணில் படுவதில்லை. 1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டு விலகினார். சாலை விபத்துகளின் எண்ணிக்கைக்காக அப்படி யாரும் விலகியதாகக் கேள்விப்பட்டதுண்டா?

இறப்பவர்கள் பெரும்பாலும் யார்?

அதே 2022 கணக்கில் இறந்தவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள், கிட்டத்தட்ட 20 சதவீதம் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குத் தலைக்கு மேல் கூரையோ, சுற்றிலும் தகடோ கிடையாது. நடந்து போகிறவர் யாருக்கும் எந்த ஆபத்தும் தராதவர், பாதி இடங்களில் அவருக்கு நடைபாதையும் இல்லை. நம் போக்குவரத்தில் பெரிய அநியாயம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

உயிருக்கு விலை போட முடியுமா?

கூடாது என்று தோன்றும். ஆனால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் தினமும் போடுகிறார்கள், அதற்குச் சூத்திரமே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் அதை ஒழுங்குபடுத்தியது.

32 வயதுக்காரர் ஒருவர், சொந்தமாக மெக்கானிக் கடை, மாதம் 20,000 வருமானம் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர், 40 வயதுக்குள் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள்: 28,000. உயிரோடு இருந்திருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள்: 21,000. வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16. ஆக 40,32,000 ரூபாய். ஈமச்சடங்குக்கும் குடும்பம் இழந்த துணைக்குமாகக் கொஞ்சம் சேரும்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு கசப்பான விஷயம் உண்டு. மாதம் இரண்டு லட்சம் சம்பாதித்தவரின் உயிர் இதில் பல மடங்கு ‘மதிப்பு’. இழந்த வருமானத்தைத்தான் சட்டம் ஈடுகட்டுகிறது, இழந்த ஆளை ஈடுகட்ட யாராலும் முடியாது என்பதால் இப்படி. ஆனாலும் கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு முன்னால் நின்று இதை விளக்குவது எந்த வக்கீலுக்கும் எளிதில்லை.

அந்த 40 லட்சம் கிடைத்துவிடுமா?

எதிர் வண்டியின் மேல் தவறு இருந்து, அதற்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் (அந்த வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு) இருந்தால் கிடைக்கும், காலம் ஆகும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எனவே பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியவில்லை என்றால் அரசு தரும் தொகை இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. தானே சறுக்கி விழுந்து இறந்தால் தேர்டு பார்ட்டி எதுவும் தராது. ஓட்டிய உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தால் 15 லட்சம், அதுவும் லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால்தான். பாலிசி புதுப்பிக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் என்று அந்தக் காப்பை நீக்கிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறு பாலிசியில் இதே காப்பு இல்லாவிட்டால் நீக்காதீர்கள்.

60 கி.மீ. வேகத்துக்கும் 80-க்கும் பெரிய வித்தியாசமா என்ன?

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது. பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது. 60-இல் போகிறவர் அந்த விநாடியில் 17 மீட்டர் போய்விடுவார், பிறகு காய்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் 20 மீட்டரில் நிற்பார். மொத்தம் 37 மீட்டர். 80-இல் போகிறவருக்கு முதல் விநாடியிலேயே 22 மீட்டர், பிரேக் பிடித்த பிறகு 35. மொத்தம் 57.

இந்த 20 மீட்டர் வித்தியாசத்தைவிட முக்கியமானது வேறொன்று. முதல் ஆள் முழுதாக நின்றுவிட்ட அந்த 37-வது மீட்டரில், இரண்டாவது ஆள் இன்னும் 60 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். வேகம் கூடும்போது ஆற்றல் அதன் வர்க்கத்தில் கூடுகிறது என்று பத்தாம் வகுப்புக்குள் படித்ததன் அர்த்தம் இதுதான். ஸ்வீடன் 1997-இல் ‘சாலைச் சாவு பூஜ்யம்’ என்பதைத் தேசியக் கொள்கையாக ஏற்றபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டதும் இதைத்தான். மனிதர் தவறு செய்வார், அந்தத் தவறு உயிரை எடுக்காத மாதிரி சாலையையும் வேகத்தையும் அமைக்க வேண்டும் என்றார்கள். நாம் இன்னும் ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைப்பதோடு நிற்கிறோம்.

ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் எத்தனை பேர்?

2022-இல் நாடு முழுவதும் 50,029 பேர், பின்னால் உட்கார்ந்தவர்களையும் சேர்த்து. கொக்கி போடாத ஹெல்மெட் போலீஸுக்குக் காட்ட மட்டும்தான் உதவும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோதான் இருக்கும். அதிலிருந்து 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு எப்படி வரும்?

நல்ல சந்தேகம். அந்த முக்கால் கிலோவில் சுமார் 630 கிராம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு கார்பன் 44 பங்கு வாயுவாகிறது. 630-ஐ அப்படிப் பெருக்கினால் 2,300 கிராம். டீசலில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ.

அப்படியானால் எதில் போவது சுத்தம்?

எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 50 மைலேஜ் பைக்கில் ஒருவர் போனால் கி.மீ.க்கு 46 கிராம். 15 மைலேஜ் காரில் ஒருவர் போனால் 153 கிராம், அதே காரில் நான்கு பேர் என்றால் தலைக்கு 38. நான்கு பேர் ஏறிய கார் தனி ஆள் பைக்கை ஜெயித்துவிடுகிறது. லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் டீசல் பஸ் 50 பேரோடு போனால் தலைக்கு 13 அல்லது 14 கிராம். பத்துப் பேரோடு போனால் 67, பைக்கைவிட மோசம். பஸ் விட்டால் மட்டும் போதாது, ஆட்கள் ஏறுகிற நேரத்தில், ஏறுகிற ஊருக்கு விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

எலக்ட்ரிக் வண்டி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் 100 கி.மீ.க்கு சார்ஜர் இழப்பையும் சேர்த்துச் சுமார் மூன்றரை யூனிட் எடுக்கும். இந்திய மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு பெரிது என்பதால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக கி.மீ.க்கு 25 கிராம், பெட்ரோல் பைக்கில் பாதி. சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடக்கூட இது இன்னும் குறையும். தெருவில் புகை கிடையாது, சத்தமும் குறைவு. தாராளமாக வாங்கலாம்.

ஆனால் டயர் தேய்ந்து வரும் தூசு அப்படியே இருக்கிறது. எலக்ட்ரிக் கார் அடைக்கும் இடமும் பெட்ரோல் கார் அடைக்கும் இடமும் ஒன்றே. அது இடித்தாலும் அதே அடிதான். அப்புறம், அண்ணா சாலையில் குறைந்த புகை முழுவதும் காணாமல் போகவில்லை, ஒரு பங்கு அனல்மின் நிலையம் இருக்கும் ஊருக்கு இடம் மாறுகிறது.

அந்த ஊர் எது?

சென்னைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் எண்ணூர். அனல்மின் நிலையங்களின் சாம்பல் அங்கே கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து, இறால் பிடித்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. பெட்ரோலியம் கப்பலில் போய் வருவதும் அதே பக்கம்தான். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. கடற்கரையில் ஒதுங்கிய தாரை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். மீன் வாங்க ஆள் வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து கழிமுகத்தில் பரவி, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. பில்லில் வராத செலவைக் கட்டுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால், அநேகமாக இப்படி நகரத்தின் ஓரத்தில்தான்.

நெரிசலுக்குக் கட்டணம் போட்டால் குறையுமா?

குறைந்திருக்கிறது. சிங்கப்பூர் 1975-இலேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது. 1998-இல் அதை மின்னணு முறைக்கு மாற்றியது. கார் வாங்கும் உரிமையையே ஏலம் விடும் முறை 1990-இல் இருந்து அங்கே இருக்கிறது, அங்குள்ள நம் சொந்தக்காரர்கள் கார் விலையைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. லண்டன் 2003-இல் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 2006-இல் ஏழு மாதம் சோதனையாக வைத்துப் பார்த்தது. போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் எதிர்த்த மக்கள், பலனைப் பார்த்த பிறகு வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள்.

சென்னைக்கு இப்போதே சரிவருமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். இந்த ஊர்கள் மூன்றிலும் காரை விட்டுவிட்டு ஏறுவதற்கு ரயிலும் பஸ்ஸும் போதுமான அளவு இருந்தன. ஸ்டாக்ஹோம் சோதனைக்கு முன்பே கூடுதல் பஸ்களை இறக்கியது. முதலில் பஸ், பிறகு கட்டணம். இலவசமாகச் சாலையோரத்தில் கார் நிறுத்துவதற்கு மட்டும் நாளைக்கே பணம் வாங்கலாம். மாநகராட்சி இடத்தில் ஒருவரின் சொந்தச் சொத்து நாள் முழுக்க நிற்பதற்கு வாடகை கேட்பது நியாயம்தானே.

பெண்களுக்கு இலவச பஸ் வீண் செலவு என்கிறார்களே?

2021 மே முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் தருகிறது. மாநிலத் திட்டக் குழு ஆய்வில், பயணம் செய்யும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கு அது பெரிய தொகை.

செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பஸ் கணக்கில் மட்டும் நஷ்டம் என்ற வார்த்தையைப் போட்டுவிட்டு, மேம்பாலத்துக்குக் கொட்டும் கோடிகளை வளர்ச்சி என்று எழுதுவது ஒரு தலைப்பட்சம். மேம்பாலம் எவ்வளவு லாபம் சம்பாதித்தது என்று யாரும் கேட்பதில்லை. என் புகார் வேறு: இலவசம் வந்த அளவுக்குப் பஸ்களின் எண்ணிக்கை கூடவில்லை. வராத பஸ்ஸில் இலவசமாக ஏறி என்ன பயன்?

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமா?

வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134-ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனையில் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

108-ஐக் கூப்பிடுங்கள். இடத்தைச் சொல்லும்போது கிலோமீட்டர் கல்லின் எண்ணையோ பக்கத்துக் கடையின் பெயரையோ சொன்னால் வண்டி சீக்கிரம் வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டுகிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பொருந்தும். முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.